கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் வாங்கும் முன்: வேலூர் வட்டாரப் பூல் ஆட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் ஒரு சிறிய பட்டறையில் பூல், ஸ்னூக்கர் ஸ்டிக்குகளின் முனையில் பந்தைத் தொடும் தோல் துண்டான டிப்பை மாற்றிக் கொடுப்பது என் வேலை. காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கங்களிலிருந்து வருகிற ஆட்டக்காரர்கள் சில ஆண்டுகளாக என்னிடம் அதிகம் கேட்பது கார்பன் ஃபைபரால் ஆன கறுப்பு ஷாஃப்டைப் பற்றித்தான். ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லிச் சொல்லி, அதை ஒழுங்காக எழுதி வைத்தால் வாங்குகிறவர்களின் பணம் வீணாகாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கார்பன் ஷாஃப்ட் என்பது உண்மையில் என்ன?

பூல் ஸ்டிக் பெரும்பாலும் 58 அங்குல நீளம் உள்ளது. அது நடுவில் மரையால் இணையும் இரண்டு துண்டுகளாக இருக்கும். கையால் பிடிக்கும் தடித்த பின்பகுதியை பட் என்றும், டிப் ஒட்டப்பட்ட மெல்லிய முன்பகுதியை ஷாஃப்ட் என்றும் சொல்கிறோம். ஷாஃப்டின் நீளம் வழக்கமாக 29 அங்குலம். 30 அங்குலத்திலும் கிடைக்கிறது. பல தலைமுறைகளாக ஷாஃப்டுக்கு மேப்பிள் மரமே பயன்பட்டு வந்தது. கார்பன் ஷாஃப்டில் மரத்துக்குப் பதிலாக, எப்பாக்சி பிசினில் தோய்ந்த கார்பன் இழைகளை அடுக்கடுக்காகச் சுற்றி, சூட்டில் இறுக வைத்த குழாய் ஒன்று இருக்கிறது. குழாய் வெறுமையாக இருந்தால் அடிக்கும்போது ஓசை எழும் என்பதால், உள்ளே எடை குறைந்த நுரைப்பொருளை நிரப்புகிறார்கள். 2016-இல் பிரிடேட்டர் நிறுவனம் ரெவோ ஷாஃப்டைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை உலகெங்கும் பரவியது. அதன் பின்னால் கியூடெக்கின் சினர்ஜி, மெஸ்ஸின் இக்னைட், மெக்டெர்மாட்டின் டிஃபை என்று ஒவ்வொன்றாக வந்தன.

மர ஷாஃப்டைவிட இதில் என்ன மேன்மை? அடி வேகமாகுமா, ஸ்பின் கூடுமா?

வேகத்திலோ ஸ்பின்னிலோ பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி டிப் படுகிறதோ, அந்த அளவைப் பொறுத்துத்தான் ஸ்பின் அமையும்; ஷாஃப்ட் எந்தப் பொருளால் ஆனது என்பது அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. மாறுவது வேறு ஒன்று.

பந்தின் வலப்பக்கத்தில் அடித்தால், பந்து நாம் குறிவைத்த கோட்டில் போகாமல் சற்றே இடப்பக்கம் விலகிப் போகும். இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் விலகும். இதை ஸ்க்வர்ட் என்றும் டிஃப்ளெக்‌ஷன் என்றும் சொல்கிறார்கள். நான் விலகல் என்றே எழுதுகிறேன். டிப்பும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஏறக்குறைய ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள் பந்து சுழலத் தொடங்கி டிப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. டிப்பை ஒட்டிய சில அங்குலப் பகுதி கனமாக இருந்தால் அது எளிதில் நகர மறுத்து, பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. அந்த முனை லேசாக இருந்தால் முனையே விலகிக் கொடுத்துவிடும். பந்து ஏறக்குறைய நேராகப் போகும். ஆகவே விலகலை நிர்ணயிப்பது முனையின் எடை. ஷாஃப்டின் மொத்த எடையோ, அது எவ்வளவு விறைப்பானது என்பதோ இதில் முதன்மையானவை அல்ல. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஆல்சியாடோர் இதைச் சோதனைகளோடு விளக்கி எழுதியிருக்கிறார். கணக்கு படித்த மாணவர்கள் அவற்றைத் தேடிப் படிப்பது நல்லது.

முனையின் எடையைக் குறைக்கும் வேலையைக் கார்பனுக்கு முன்பே மரத்தில் செய்துவிட்டார்கள். மேப்பிள் ஷாஃப்டின் முன்பகுதியைக் குடைந்து, டிப்புக்கு அடியில் இருக்கும் வளையமான ஃபெரூலைக் குட்டையாக்கி, பிரிடேட்டரே 1990களில் 314 என்ற ஷாஃப்டை விற்றது. நல்ல குறைவிலகல் மர ஷாஃப்ட் ஒன்றும் நல்ல கார்பன் ஷாஃப்ட் ஒன்றும் விலகலில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஆகவே விலகலுக்காக மட்டும் கார்பன் வாங்குகிறவர், அதே பலனைக் குறைந்த விலையில் மரத்திலும் பெறலாம். கார்பனின் தனிச்சிறப்பு அடுத்த கேள்வியில் இருக்கிறது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை அதுதான் முழுக் காரணம் என்பது என் கருத்து.

வேலூர் வெயிலில் மர ஷாஃப்ட் வளையுமா? கார்பன் வளையாதா?

மரம் ஈரத்தைக் குடிக்கும், ஈரத்தை விடும். பங்குனி, சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது மேப்பிளில் இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மரம் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே பருக்கிறது. ஈரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் கவலையில்லை. சுவரில் சாய்த்து வைத்த ஸ்டிக்கின் ஒருபக்கம் மேற்கு வெயில் படும்போதோ, குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்துக் கத்திரி வெயிலில் இரு சக்கர வண்டியில் கொண்டுபோகும்போதோதான் மரம் ஒருபக்கமாக இழுத்துக்கொள்கிறது. நானே பத்தாண்டுகள் ஆடிய மேப்பிள் ஷாஃப்ட் ஒன்று, ஒரே ஒரு மே மாதம் மாடி அறையில் சன்னலோரம் நின்றதில், ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வாழைக்காய் போலத் தெரியும் அளவுக்கு வளைந்துவிட்டது. அதை நேராக்க நான் செய்தவை எதுவும் நிலைக்கவில்லை.

கார்பன் இழையும் எப்பாக்சியும் சேர்ந்த குழாய்க்கு இந்தச் சிக்கல் கிடையாது. வெப்பத்தால் அது விரிவது மிகக் குறைவு. காற்றின் ஈரம் அதன் நேரான வடிவத்தைக் கெடுப்பதில்லை. தையில் எப்படி இருந்ததோ அப்படியே ஆனியிலும் இருக்கும். மேசையின் விளிம்பில் இடித்தால் மரத்தில் விழும் சிறு பள்ளங்களும் இதில் விழுவதில்லை. பிரிட்ஜ் வைக்கும், அதாவது மேசையில் ஊன்றி ஷாஃப்டைத் தாங்கும், விரல்களுக்கு நடுவே வழுக்கிப் போகும்போது, அந்தப் பள்ளம் தட்டுப்படுவதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

எதை முதலில் பார்க்க வேண்டும்? பிராண்டா, டிப்பின் அகலமா, விலையா?

ஜாயிண்டை, அதாவது பட்டும் ஷாஃப்டும் மரையால் இணையும் இடத்தை. உங்கள் பட்டில் இருக்கும் மரையோடு பொருந்தாத ஷாஃப்ட் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் உங்களுக்கு அது ஒரு குழாய்த் துண்டுதான். என்னிடம் வந்து மனமுடைந்து உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் இந்தத் தவற்றைச் செய்தவர்கள். ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு மாணவர், பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இணையம் வழியாக ஒரு ஷாஃப்டை வரவழைத்திருந்தார். விற்றவர் "எல்லா ஸ்டிக்குக்கும் பொருந்தும்" என்று எழுதியதை நம்பிவிட்டார். அவருடைய பட்டில் இருந்தது 3/8-10 மரை, வந்தது 5/16-14. இரண்டு சுற்றுகூட ஏறவில்லை. திருப்பி அனுப்பும் செலவையும் அவரே ஏற்க வேண்டியிருந்தது.

இந்த எண்களின் பொருள் எளிது. முதல் எண் போல்ட்டின் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது எண் ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்பது. 5/16 அங்குலம் என்றால் 7.94 மி.மீ.; 3/8 அங்குலம் என்றால் 9.53 மி.மீ. வெர்னியர் அளவி ஒன்றை ஏதாவது லேத் பட்டறையில் இரவல் வாங்கி, பட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். தேய்மானத்தால் இம்மியளவு குறைந்து காட்டும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். பிறகு போல்ட்டின் ஓரமாக ஒரு ஸ்கேலை ஒட்டி வைத்து, அரை அங்குலத்துக்குள் எத்தனை மரை முகடுகள் இருக்கின்றன என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏழு வந்தால் 14, ஒன்பது வந்தால் 18, ஐந்து வந்தால் 10. மரையின் அடிப்பகுதி கூராக இல்லாமல் வட்டமாக, அகலமாக இருந்தால் அது ரேடியல் என்ற வகை. ஓரிரு சுற்றிலேயே பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால் பெரும்பாலும் யூனிலாக். மெஸ் ஸ்டிக்குகளில் வேவி என்ற தனி மரை இருக்கிறது.

மரை பொருந்தினாலும் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 5/16-14 மரையில், போல்ட்டைச் சுற்றி ஒரு குழிவும் அதற்குள் பொருந்தும் வளையமும் கொண்ட வகை ஒன்று, முகம் தட்டையாக இருக்கும் வகை இன்னொன்று என இரண்டு உண்டு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் இறுகி உட்காராது. அடுத்தது, இணையும் இடத்தின் வெளிவிட்டம். இது பொதுவாக 21 முதல் 22 மி.மீ. வரை இருக்கும். பட்டும் ஷாஃப்டும் அரை மி.மீ. வேறுபட்டாலே விரலில் ஒரு படி தட்டும். ஆட்டத்துக்கு அதனால் கேடில்லை; கண்ணுக்கும் மனத்துக்கும் உறுத்தும். புது பட் ஒன்றையும் சேர்த்து ஒரே நிறுவனத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

டிப்பின் அகலம் 11.8, 12.4, 12.9 என்கிறார்கள். எது எனக்கு?

மி.மீ. கணக்கில் சொல்லப்படும் இந்த அளவு முனையின் விட்டம். ரெவோ இந்த மூன்று அளவுகளிலும் கிடைக்கிறது, சினர்ஜி 10.5, 11.8, 12.5 என்ற அளவுகளிலும், இக்னைட் 12.2 அளவிலும் வருகின்றன. பழைய மேப்பிள் ஷாஃப்டுகள் பெரும்பாலும் 13 மி.மீ. கொண்டவை.

அகலமான முனை நடுவில் அடிப்பதற்கு நம்பிக்கை தரும். கைபிசகைச் சற்றுப் பொறுத்துக்கொள்ளும். மெல்லிய முனையில் டிப் பந்தின் எந்த இடத்தில் படுகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், ஆனால் உங்கள் கை நேராகப் போகாவிட்டால் அந்தத் தெளிவே உங்களைக் காட்டிக் கொடுக்கும். 13 மி.மீ. மரத்தில் பழகிவிட்டு கார்பனுக்கு வருகிறவருக்கு நான் 12.4 அல்லது அதற்கு அருகிலுள்ள அளவையே சொல்வேன். ஸ்னூக்கர் ஆடி வளர்ந்து, சிறிய டிப்பை விரும்புகிறவருக்கு 11.8 கைக்கு உடனே பழகிவிடும். 12.9-ஐ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெரிய கை உள்ளவர்களும், பிரிட்ஜில் ஆள்காட்டி விரலை வளையமாகச் சுற்றிப் பிடிக்கிறவர்களும் அதில் நிம்மதியாக ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அகலத்தோடு சேர்த்து டேப்பரையும் கேளுங்கள். ஷாஃப்ட் முனையிலிருந்து பின்னோக்கி எப்படித் தடிக்கிறது என்பதே டேப்பர். முதல் 10, 12 அங்குலம் ஏறக்குறைய ஒரே தடிமனில் போனால், வளையப் பிரிட்ஜில் ஷாஃப்ட் ஒரே சீராக வழுக்கும். கூம்பு போலத் தொடக்கத்திலிருந்தே தடித்தால் பின்னிழுப்பில் விரலைத் தளர்த்திக் கொடுக்க வேண்டியிருக்கும். விரலை வளையமாகச் சுற்றாமல் திறந்த பிரிட்ஜ் வைக்கிறவருக்கு இது பெரிய பொருட்டல்ல.

எடையும் சமநிலையும் மாறிவிடுமா?

மாறக்கூடும், அதனால் வாங்கும் முன்பே எடை பார்த்துவிடுங்கள். ஷாஃப்டுகள் பொதுவாக மூன்றரை முதல் நான்கேகால் அவுன்ஸ் வரை, அதாவது 100 முதல் 120 கிராம் வரை இருக்கும். உங்கள் பழைய ஷாஃப்டை ஒரு நகைக்கடைத் தராசிலோ சமையலறைத் தராசிலோ வைத்துப் பாருங்கள். புதியதன் எடையை விற்பவரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். பத்து கிராம் வேறுபாடுகூட முன்கை உணரும். பட்டின் அடியில் இருக்கும் எடைப் போல்ட்டை மாற்றி மொத்த எடையைச் சரிசெய்யலாம் என்றாலும், ஸ்டிக்கை ஒரு விரலில் நிறுத்தினால் அது நிற்கும் புள்ளி இடம் மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலானவர்களின் ஸ்டிக் பட்டின் அடியிலிருந்து 18, 19 அங்குலத்தில் சமநிலை கொள்ளும். பழைய புள்ளியைப் பென்சிலால் குறித்துக்கொண்டு புதியதைச் சோதித்தால் வேறுபாடு கையில் தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு நன்றாகப் போகிற ஷாட்டெல்லாம் தவறுகிறதே?

இது ஷாஃப்டின் குறையன்று. நீங்கள் பழைய ஷாஃப்டில் பல ஆண்டுகளாக, உங்களுக்கே தெரியாமல், விலகலை ஈடுகட்டப் பழகியிருக்கிறீர்கள். வலப்பக்க ஸ்பின் கொடுக்கும்போது பந்து இடப்பக்கம் விலகும் என்று உங்கள் கண் அறிந்து, சற்றே வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தது. புதிய ஷாஃப்டில் அந்த விலகல் குறைந்துவிட்டதால், அதே குறி இப்போது பந்தை வலப்பக்கம் கொண்டுபோகிறது. ஸ்பின் இல்லாத நேரடி ஷாட்டுகளில் தவறு வராமல், ஸ்பின் கொடுத்தால் மட்டும் வந்தால் இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு பந்தை வெள்ளைப் பந்துக்கு ஒரு மீட்டர் தள்ளி, நேராகப் பாக்கெட்டை நோக்கி வையுங்கள். நடுவில் அடித்துப் பத்து முறை போடுங்கள். பிறகு டிப்பின் ஓர் அகலம் வலப்பக்கம் தள்ளி, குறியை மாற்றாமல், நல்ல வேகத்தில் அடித்து, பந்து பாக்கெட்டின் எந்த ஓரத்தில் இடிக்கிறது என்று பாருங்கள். இதையே பழைய ஷாஃப்டிலும் செய்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண் முன்னால் நிற்கும். மூன்று, நான்கு வாரம் கார்பனில் மட்டும் ஆடுங்கள்; இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் கண் எதற்கும் பழகாது.

ஸ்னூக்கர் மேசையிலும் இதையே பயன்படுத்தலாமா?

1880களில் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஸ்னூக்கர் நமக்கு அந்நியமான ஆட்டமன்று. எங்கள் பக்கம் பல இடங்களில் இரண்டு ஆட்டமும் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. ஆனால் ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ.; பூல் பந்து 57.15 மி.மீ. ஸ்னூக்கர் ஸ்டிக்கின் டிப் 9, 10 மி.மீ. அளவில்தான் இருக்கும். 12.4 மி.மீ. முனையால் சிறிய, லேசான பந்தின் நடுப்புள்ளியைக் குறிவைப்பது கடினம். இரண்டும் ஆடுகிறவர் இரண்டு ஸ்டிக் வைத்துக்கொள்வதே முறை. இரண்டங்குலப் பந்துகளுடன் சிறு மேசையில் மட்டும் ஆடுகிறவருக்கும் பூல் கார்பன் ஷாஃப்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலை எவ்வளவு? போலி எப்படித் தெரியும்?

பெயர்பெற்ற நிறுவனங்களின் ஷாஃப்டுகள் வெளிநாட்டில் ஏறக்குறைய 300 முதல் 600 டாலர் வரை விற்கின்றன. இங்கே அஞ்சல் செலவும் சுங்கமும் வரியும் சேரும். அந்தத் தொகையில் ஒரு முழு மேப்பிள் ஸ்டிக்கையும் ஒரு நல்ல உறையையும் வாங்கி, மீதத்தில் பல மாதங்கள் மேசைக் கட்டணமும் கட்டலாம். இதை வாங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. எடைபோட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்.

பெயர்பெற்ற ஷாஃப்ட் ஒன்று கால் விலைக்குக் கிடைக்கிறது என்றால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள விற்பனையாளர் பட்டியலில் அந்தக் கடை இருக்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. பெயர் தெரியாத நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே நேர்மையாக விற்கும் மலிவான கார்பன் ஷாஃப்டுகள் வேறு. அவற்றில் சில நன்றாகவே ஆடுகின்றன. ஆனால் சிலவற்றில் உள்ளே மரமும் வெளியே ஒரு மெல்லிய கார்பன் உறையும்தான் இருக்கும். மழைக்காலத்தில் அந்த மரம் தன் குணத்தைக் காட்டும்.

கையில் கிடைத்ததும் ஒரு கண்ணை மூடி, ஜாயிண்டிலிருந்து முனை வரை நீளவாக்கில் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றுங்கள். நாணயத்தால் முனையிலிருந்து ஜாயிண்ட் வரை தட்டிக்கொண்டே போங்கள்; ஓசை படிப்படியாக மாற வேண்டும், ஓரிடத்தில் மட்டும் திடீரென மங்கினால் அடுக்கு விட்டிருக்கலாம். நகத்தை மேலோட்டமாக இழுத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் நகம் சொல்லும். பழைய ஷாஃப்ட் வாங்குகிறவர்களுக்கு இந்த மூன்று சோதனையும் கட்டாயம், ஏனெனில் கார்பன் வளையாது, ஆனால் பக்கவாட்டில் பலமாக இடிபட்டால் விரிசல் விடும். விரிசல் விட்டதை ஒட்டிச் சரிசெய்து ஆட முடியாது.

டிப் மாற்ற உள்ளூர் லேத் பட்டறையில் கொடுக்கலாமா?

கார்பனைத் தொட்டுப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். மர ஷாஃப்டில் டிப் மாற்றும்போது ஃபெரூலின் முகத்தை ஒரு மயிரிழை சீவிச் சமன்செய்வார்கள். கார்பன் ஷாஃப்டுகள் பலவற்றில் டிப்புக்குக் கீழே இருப்பது மெல்லிய ஒரு தகடுதான். அதைச் சீவிவிட்டால் அடுத்து வருவது குழாயின் வாய்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குக் காகித டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறேன். பழைய டிப்பைக் கூரிய பிளேடால் அடுக்கடுக்காகச் சீவி, கடைசி அடுக்கை விரல் நகத்தளவு துண்டுகளாகச் சுரண்டி எடுக்கிறேன். சூடு காட்டுவதே இல்லை. தகட்டின் முகத்தில் பழைய பசை பொடியாக உதிரும் வரை பிளேடை நிமிர்த்திப் பிடித்துத் தேய்க்கிறேன். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, புதிய டிப்பின் அடியை எட்டு வடிவத்தில் தேய்த்துத் தட்டையாக்குகிறேன். கெட்டியான சூப்பர் குளூ ஒரு துளி. நடுவில் வைத்து அழுத்தினால் ஓரமெல்லாம் ஒரு மெல்லிய கோடாகப் பசை கசிய வேண்டும். கசியாத பக்கம் இருந்தால் அங்கே பிடிப்பில்லை என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவேன். ஓர் இரவு விட்டு, மறுநாள் ஷாஃப்டைத் தலைகீழாக நிறுத்தி, டிப்பின் பிதுங்கிய ஓரத்தைக் கீழ்நோக்கிச் சீவுகிறேன். கடைசி மயிரிழையைப் பிளேடால் எடுக்காமல், டேப்பின் மேலேயே மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து முடிக்கிறேன். டிப்பின் பக்கத்தை ஈரப்படுத்தி ஒரு தோல்துண்டால் அழுத்தித் தேய்த்தால் அது கறுத்துப் பளபளக்கும். மேற்புற வளைவு 5 ரூபாய் நாணயத்தின் விளிம்பு வளைவுக்கு அருகில் இருந்தால் போதும்.

கார்பனை உப்புத்தாளால் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி தோலில் அரிக்கும், மூச்சில் போனால் கேடு செய்யும்.

டிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோலைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல டிப்புகள் பல பன்றித்தோல் அடுக்குகளை ஒட்டிச் செய்யப்படுபவை; கமுய், மூரி போன்ற ஜப்பானிய டிப்புகள் அவ்வகை. ரெவோவில் விக்டரி டிப்பும், சினர்ஜியில் டைகர் ஸ்னைப்பர் டிப்பும் ஒட்டியே வருகின்றன. கார்பனில் அடிபடும் உணர்வு விறைப்பாகவும் ஓசை சற்றுக் கூர்மையாகவும் இருக்கும் என்பதால், மரத்தில் கடினமான டிப் வைத்து ஆடியவர் இதில் நடுத்தர மென்மையுள்ளதை எடுத்தால் பழைய உணர்வு ஓரளவு திரும்பும். எங்கள் கோடையில் டிப் காய்ந்து மேற்பரப்பு வழுவழுப்பாகிவிடும். டிப்பில் பூசும் சாக் பொடி பிடிக்காமல் ஸ்டிக் சறுக்கும். வாரம் ஒருமுறை மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

வியர்வையில் ஷாஃப்ட் ஒட்டிக்கொள்கிறதே, என்ன செய்வது?

மின்சாரம் போன அறையில் ஜூன் மாத மாலையில் ஆடியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. மரம் வியர்வையைச் சிறிது உறிஞ்சிக்கொள்ளும். கார்பன் உறிஞ்சாது, அதனால் பிசுபிசுப்பு மேலேயே நிற்கும். மூன்று விரல் கையுறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்த தீர்வை நான் காணவில்லை. முகப்பவுடர் போடுவது மேசைத் துணியைப் பாழாக்கும்.

துடைப்பதற்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். சாக்கும் எண்ணெயும் படிந்து சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தால், துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் சிறிது நனைத்துத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், உப்புத்தாள், மெழுகு எதுவும் வேண்டாம்.

வெயிலில் காருக்குள் வைக்கலாம்தானே?

வைக்கக் கூடாது. கோட்டைக்கு எதிரே மே மாதப் பகலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். குழாய் நேராகவே இருக்கும். ஆனால் டிப்பின் கீழுள்ள பசையும், ஜாயிண்டைப் பிடித்திருக்கும் பசையும் இளகத் தொடங்கும். டிப் ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு வந்த ஷாஃப்டுகளின் உரிமையாளர்களிடம் நான் முதலில் கேட்பது கார் எங்கே நின்றது என்பதுதான்.

ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடிக்கவும் இதையே எடுக்கலாமா?

ஷாஃப்ட் தாங்கும்; டிப் தாங்காது. ஒவ்வொரு பிரேக்கிலும் தோல் நசுங்கி இறுகும். பழைய மர ஸ்டிக் ஒன்றில் கெட்டிப் பிசினால் ஆன ஃபினாலிக் டிப் ஒட்டி, பிரேக்குக்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

போட்டிகளில் அனுமதி உண்டா?

உண்டு. உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி ஸ்டிக்கின் நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, டிப்பின் அகலம் 14 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நாம் பேசிய ஷாஃப்டுகள் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கும்.

என் மகன் ஆறு மாதமாக ஆடுகிறான். பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தந்தையரிடம் நான் பொருளை விற்க முயல்வதில்லை. ஆறு மாதத்தில் கை இன்னும் நேராகப் போகப் பழகியிருக்காது. கை நேராகும் முன் எந்த ஷாஃப்டும் ஒன்றுதான். எஃப்ரென் ரெயஸ் 1999-இல் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றது மர ஸ்டிக்கில். 2022-இல் அதே பட்டத்தை வென்ற ஷேன் வான் போனிங் கார்பன் ஷாஃப்ட் செய்யும் கியூடெக்கின் ஸ்டிக்கோடு ஆடியவர். மகனுக்கு 19 அவுன்ஸ் எடையுள்ள, நேரான, சாதாரண மேப்பிள் ஸ்டிக் ஒன்றையும், வாரம் இரண்டு மணி நேரம் நல்ல மேசையையும் கொடுங்கள். ஸ்டிக் வாங்கும்போதே 3/8-10 அல்லது ரேடியல் போன்ற, பெரும்பாலான நிறுவனங்களும் ஷாஃப்ட் செய்கிற மரையாகப் பார்த்து வாங்கிவிட்டால், ஓர் ஆண்டு கழித்தும் ஆசை குறையாமல் இருக்கும்போது ஷாஃப்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கார்பன் வந்த பிறகு பழைய மர ஷாஃப்டை விற்றுவிடலாமா?

நேராக இருந்தால் விற்காதீர்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போட்டிக்குப் போன இடத்தில் டிப் கழன்றால், அங்கே கார்பனுக்கு டிப் ஒட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய நேரம் இருக்காது. பையில் மர ஷாஃப்ட் இருந்தால் அந்த நாள் ஆட்டம் நிற்காது. அதைப் பிரித்து, ஜாயிண்டுக்கு மூடி போட்டு, உறைக்குள் படுக்க வைத்து, மேற்குச் சுவரில் சாயாத இடமாகப் பார்த்து வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒரு கண்ணை மூடி, அதன் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.